ஐந்து ஒன்பது ஒன்பது

எங்கள் அடைக்கலத்துறையில் மின்கம்பம் கிடையாது. கம்பியும் கிடையாது, பிளக்கும் கிடையாது, சார்ஜரைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிப் போடும் சண்டையும் கிடையாது. ஊர் நடுவே மூன்று டவர்கள் நிற்கின்றன. அவற்றிலிருந்து கரண்ட் காற்றிலேயே வருகிறது. பல்பு, ஃபேன், ஃபோன், கைக்கடிகாரம், காது மெஷின், என் நெஞ்சுக்குள் இருக்கும் பேஸ்மேக்கர் எல்லாம் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊர் ஒரே வாரத்தில் அதைக் காத்துக் கரண்டு ஆக்கிவிட்டது.

அந்த டவர்களுக்கு நான்தான் இன்சார்ஜ். பெயர் பெர்க்மான்ஸ். டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள், கோயில் திருவிழாவில் முதல் வரிசை நாற்காலி போடுவார்கள். இந்த மரியாதையெல்லாம் என் வீட்டு வாசல்படியோடு சரி. ஊரிலேயே காத்துக் கரண்டைத் திட்டும் ஒரே ஆள் என் வீட்டுக்குள்தான் இருந்தாள்.

என் மனைவி பிலோமி அமெச்சூர் ரேடியோக்காரி. சொந்தமாக ஒரு ரேடியோ வைத்துக்கொண்டு, உலகத்தின் அடுத்த மூலையில் இதே கிறுக்குப் பிடித்த இன்னொருவரோடு புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டிப் பேசுவதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். என்ன பேசுவார்கள் என்று கேட்காதீர்கள். பெயர், ஊர், சிக்னல் எப்படிக் கேட்கிறது, வணக்கம், அவ்வளவுதான். அதற்காகக் குழம்பு அடிப்பிடித்தாலும் எழுந்து வர மாட்டாள். டவர்கள் வந்த பிறகு அவளுடைய ஹெட்போனில் இரைச்சல் தவிர ஒன்றும் இல்லாமல் போயிற்று. காத்துக் கரண்டு ஓடும் இடத்தில் சிற்றலை ரேடியோவை வைத்தால் அருவிக்கரையில் உட்கார்ந்து ரகசியம் கேட்பது மாதிரிதான்.

"நான் பேசுறது பிரேசில் வரைக்கும் போகுது. அவன் திருப்பிப் பேசுறது எனக்குக் கேக்கல. ஒங்க டவர் வந்ததுலேருந்து எனக்கு வாய் இருக்கு, காது இல்ல" என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தேரிக்குப் போய்விட்டாள்.

தேரி என்பது ஊருக்கு மேற்கே கிடக்கும் செம்மணல் காடு. அங்கே அவளுக்குச் சீதனமாக வந்த முந்திரித் தோப்பு ஒன்று உண்டு. அதில் ஓலைக் கொட்டகை போட்டு, பழைய காரிலிருந்து கழற்றிய பேட்டரியை வைத்து, ரேடியோவை நிறுத்தினாள். பிறகு உடைமுள் மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்தில் தென்மேற்காக ஒரு கம்பியை இழுத்துக்கொண்டே போனாள். அரை கிலோமீட்டர் போயிருப்பாள். முதல்முறை அதைப் பார்த்தபோது, ஊர்த்துணி எல்லாவற்றையும் இங்கே காயப்போடப் போகிறாயா என்று கேட்டேன்.

"இது பேசுற ஆன்டெனா இல்ல, கேக்குற ஆன்டெனா. பேசுறதுக்கு அந்தா கம்பம் நிக்குது பாருங்க."

"கேக்குறதுக்கு எதுக்குட்டி இம்புட்டு நீளம்? சத்தம் பெருசா வரவா?"

"பெருசா வராது, சின்னதாத்தான் வரும். ஆனா இரைச்சல் அதவிடச் சின்னதாயிரும். இது ஒரு பக்கம் வர்றத மட்டுந்தான் எடுக்கும். முதுகுப்பக்கம் செவிடு. நல்லாக் கேக்கணும்னா சத்தம் கூட வேண்டாங்க, அமைதி கூடணும். வறண்ட மணலாவும் இருக்கணும். ஈர மண்ணுல இந்தக் கம்பி ஒண்ணுக்கும் ஆகாது."

"முதுகுப்பக்கம் யாரு இருக்கா?"

"நீங்களும் ஒங்க டவரும்."

அப்படியும் டவர் இரைச்சல் முழுவதும் போகவில்லை. ஆனால் ஏதோ கொஞ்சம் காது திரும்பியது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவள் தினமும் சாயங்காலம் உட்கார்ந்துவிடுவாள். பகலும் இரவும் சந்திக்கும் சில நிமிஷங்களில் மேலே காற்றுமண்டலத்தில் என்னவோ நடக்குமாம், அப்போது நோஞ்சான் சிக்னல்கூட கடல் தாண்டி வருமாம்.

நோஞ்சான் சிக்னல் என்றால் அது லூர்து கஸ்பாருடையதுதான். லூர்து எங்கள் ஊர் ஆழ்கடல் படகு ஒன்றில் வேலை பார்ப்பவன், பிலோமியின் பரம எதிரி, ஊரில் அவளுடைய ஒரே ரேடியோ சிநேகிதனும்கூட. பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் அவனே செய்த ரேடியோ ஒன்று வைத்திருந்தான். நாலு டார்ச் செல்லில் ஓடும். அதன் பவர் குழந்தைகள் விளையாடும் டார்ச்சைவிடக் குறைவு. குறைந்த பவரில் நெடுந்தூரம் பேசுவதுதான் அவனுக்கு வீரம். யாராவது 'நல்லாக் கேக்குது' என்று சொல்லிவிட்டால் போதும், சந்தோஷத்தில் பவரை இன்னும் குறைப்பான். மறுபடி கேட்டால் மறுபடி குறைப்பான். "இவன் கடைசில ரேடியோவே இல்லாம பேசுவான்" என்று பிலோமி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த லூர்து போன 'வியாகுல மாதா' படகுதான் காணாமல் போனது.

லட்சத்தீவுக்கு அப்பால் எதிர்பாராத புயல். ஐந்து பேர். படகின் டிரைவர் சேவியர் அண்ணன், மீன் வியாபாரம் செய்யும் ஆக்னஸ் அக்காவின் புருஷன். ஒரு வாரத்துக்கு மேல் விமானமும் கப்பலும் தேடின. ஒரு டப்பாகூட மிதக்கவில்லை. தேடும் இடம் தப்பு என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது, சரியான இடம் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"சாட்டிலைட் ஃபோன் என்ன ஆச்சு தம்பி? ஆபத்துல அமுக்குற பட்டன் என்ன ஆச்சு? எல்லாம் புதுசு, நாந்தான வாங்கிக் குடுத்தேன்" என்று ஆக்னஸ் அக்கா என் அலுவலக வாசலில் நின்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். எல்லாம் காத்துக் கரண்டுச் சாமான்கள். கரையில் இருக்கும்வரை அவற்றுக்குச் சாவே கிடையாது. அந்த நம்பிக்கையில் பேட்டரியைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள், சார்ஜ் போடும் ஓட்டையையே எடுத்துவிட்டார்கள். கடலுக்குப் போகும்போது டவர் மாதிரிக் கரண்ட் வீசும் ஒரு மின்பெட்டி கொண்டுபோவார்கள். அது நனைந்தால் கதை முடிந்தது. இதை ஆக்னஸ் அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு தேரிக்குப் போனேன். பிலோமி வழக்கம்போல யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சூரியன் பனைமட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று அவளுடைய முதுகு நிமிர்ந்தது. ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்தினாள். யாரோ பதில் கொடுக்கிறார்கள் என்று புரிந்தது. அவள் கை தானாக மோர்ஸ் தட்டும் சாவிக்குப் போனது.

ஐந்து புள்ளி. கோடு, புள்ளி. கோடு, புள்ளி.

மோர்ஸில் எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஒன்பதைச் சுருக்கிக் கோடு, புள்ளி என்று தட்டுவார்கள். ஐந்து ஒன்பது ஒன்பது. 'உன் சிக்னல் பிரமாதமாகக் கேட்கிறது' என்று அர்த்தம். ஒரு மண்ணும் கேட்காவிட்டாலும் ரேடியோக்காரர்கள் இதைத்தான் அனுப்புவார்கள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் நாம் சொல்வோமே, அந்த மாதிரி. அனுப்பிவிட்டு, 'உங்கள் பெயர் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்பார்கள். இதை வைத்து நான் அவளை எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன்.

அனுப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "என்னங்க... லூர்துங்க! இது லூர்து தட்டுற கை!"

டீ என் காலில் கொட்டியது. எனக்குச் சுடக்கூட இல்லை. அவள் காதில் விழுந்ததை வாய்விட்டுச் சொன்னாள், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அஞ்சு பேரும் உயிரோட இருக்கோம்... இன்ஜின் இல்ல... அஞ்சு ஒம்போது ஒம்போதுல கேக்குறதுக்கு சந்தோஷம்... செல் தீரப்போகுது... ரிசீவர அணைக்கேன்... பவர ரொம்பக் கொறைக்கேன்... இப்போ ஒரு தடவ இடம் சொல்லுதேன், நாளைக்கு அந்தியில கடைசியா ஒரு தடவ... இடம்..."

அவள் உதடு அசைவது நின்றது.

"இடம் என்னட்டி? சொல்லு!"

அவள் சாவியைப் போட்டு அடி அடியென்று அடித்தாள். பவரைக் கூட்டு, கேட்கவில்லை, பவரைக் கூட்டு. யார் கேட்பது? அவன்தான் ரிசீவரை அணைத்துவிட்டானே. அவள் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். இரைச்சல். என் டவரின் இரைச்சல். அதற்கு அடியில் எங்கேயோ ஐந்து பேர் இருக்கும் இடத்தை ஒருவன் தட்டிக்கொண்டிருந்தான்.

"நாந்தான் கெடுத்தேன். பாதிக்கு மேல கேக்கலன்னு உள்ளதச் சொல்லியிருந்தா அவன் பவரக் கூட்டியிருப்பான். என் கை அந்தப் பொய்யச் சொல்லிட்டு. அவனும் நம்பிக் கொறைச்சுட்டான்" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. நான் காலியான பிளாஸ்க்கை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

இருட்டுவதற்குள் கோயில் முற்றத்தில் ஊர் கூடிவிட்டது. ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றதும் முதலில் எழுந்தது ஆனந்தக் கூச்சல். பிறகு மீதியைச் சொன்னோம். மாலே, கொழும்பு, கொச்சி என்று பிலோமி தன் சிநேகிதர்கள் எல்லோருக்கும் தகவல் அனுப்பியிருந்தாள். எல்லா ஊரிலும் காத்துக் கரண்டு, ஒருவரிடமும் இப்படி ஒரு கம்பி கிடையாது. கேட்டால் இந்தத் தேரியில்தான் கேட்க வேண்டும், நாளை அந்தியில்தான் கேட்க வேண்டும்.

"அப்போ நாளைக்கு டவர ஆஃப் பண்ணும். ஒம்ம கையிலதான இருக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"என் கையில இல்ல. தலைமை ஆபீஸ்ல கேட்டுட்டேன். முடியவே முடியாதுன்னுட்டாவ. ஆனா ஒண்ணு இருக்கு. டவர் இரையறது நாம கரண்ட் எடுக்கறதாலதான். ஊருல ஒரு சாமான்கூட எடுக்கலன்னா அது தானாத் தூங்கிரும். கரண்ட் எடுத்தே ஆகணும்னு நம்மள யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

"சுவிட்ச அணைச்சா போதுமா?"

அங்கேதான் இடித்தது. ஃப்ரிட்ஜ், மோட்டார் மாதிரிப் பெரிய சாமான்களுக்குச் சுவிட்ச் உண்டு. ஃபோனும் கடிகாரமும் பல்பும் அணைத்து வைத்தாலும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அவற்றின் வாயை அடைக்க வழியே இல்லையா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் சொன்னது பிலோமி.

"எவர்சில்வர் பாத்திரம். உள்ள போட்டு மூடிய இறுக்கிட்டா கரண்டு உள்ள போகாது. எல்லார் வீட்டுலயும் இருக்குல்லா?"

மறுநாளை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அடைக்கலத்துறை முழுவதும் பாத்திரச் சத்தம். பரணில் கிடந்த சீர்வரிசை அண்டா, குடம், தூக்குவாளி, இட்லிக் கொப்பரை எல்லாம் வெளியே வந்தன. பல்பைக் கழற்றிக் கழற்றி அரிசிப் பானையில் போட்டார்கள். கோயில் மண்டபத்துப் பிரியாணி அண்டாவில் ஒரு தெருவின் ஃபேன் முழுவதும் போயிற்று. என் ஃபோனும் அண்டாவுக்குள் போய்விட்டால் எனக்கு யார் கால் பண்ணுவார்கள் என்று ஒரு பெரிய மனிதர் கவலைப்பட, "வெளிய கெடந்தா மட்டும் யாரு பண்ணுதா?" என்றாள் அவர் மனைவி. இன்னொருவர் காது மெஷினைக் கழற்றி டிபன் கேரியரில் வைத்துவிட்டார். அதை எப்போது வெளியே எடுக்கலாம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்பது அடுத்த பிரச்சினை.

எனக்கு வேறு வேலை. மருத்துவக் கருவி ஒன்று கரண்ட் கேட்டுக்கொண்டிருந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் டவர் தூங்காது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அதனால் மூச்சு மெஷின் வைத்திருந்த சலேத் வாத்தியாரையும், மருந்து ஏற்றும் பம்பு மாட்டியிருந்த இன்னும் சிலரையும் கம்பெனி வேனில் ஏற்றிப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். வாத்தியார் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரையும் விட்டுறாதய்யா" என்றார். யாரையும் விடவில்லை சார் என்றேன்.

வெயில் சாய்ந்தது. கையில் செல் போட்ட லோடு மீட்டரோடு தெருத்தெருவாக ஓடினேன். ஊரில் இன்னும் எத்தனை சாமான்கள் கரண்ட் எடுக்கின்றன என்று அது எண்ணிக் காட்டும், பக்கத்தில் போனால் எந்தப் பக்கம் என்று அம்பு போடும். காலையில் ஆயிரக்கணக்கில் இருந்தது நூறாயிற்று, பத்தாயிற்று. பெட்டிக்கடையில் மூடி சரியாக மூடாத ஒரு வாளி, பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம், நாயின் கழுத்துப் பட்டையில் ஒரு விளக்கு. நாயைப் பிடிக்கத்தான் பெரும்பாடு. அதையும் கழற்றி வாளியில் போட்டு மூடியதும் மீட்டரைப் பார்த்தேன்.

ஒன்று.

ஒன்றே ஒன்று! உற்சாகத்தில் கத்தியேவிட்டேன். அம்பு காட்டிய பக்கம் ஓடினேன். ஓடினால் அம்பு திரும்பியது. நான் திரும்பினால் அதுவும் திரும்பியது. மீன் ஏலக்கூடத்தில் பார்த்தேன், ஒன்று, மிக அருகில். கோயிலுக்குள் போனேன், ஒன்று, மிக அருகில். கடற்கரையில் மனித வாடையே இல்லை, அங்கேயும் ஒன்று, மிக அருகில். மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, யாருடையதோ ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு தேரிக்கு மிதித்தேன்.

கொட்டகைக்குப் பக்கத்தில் ஆக்னஸ் அக்காவின் ஐஸ் லாரி நின்றிருந்தது. காத்துக் கரண்டுக்கு மாற மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக வைத்திருந்த பழைய டீசல் வண்டி. அக்கா கொட்டகை வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிலோமி ஹெட்போனோடு வியர்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்தில் தொங்கிய ஸ்பீக்கரிலும் அதே இரைச்சல். முன்பு மூன்று டவருக்கு இரைந்தது இப்போது ஒரு டவருக்கு இரைந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இன்னும் முழிச்சிருக்கே! எங்க இருக்கு, யாரு வச்சிருக்கா? நேரம் ஆச்சுங்க!" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதாண்ட்டி. எங்க போனாலும் பின்னாலயே வருது. மீட்டர் கெட்டுப்போச்சு. இந்தா, இந்தக் காட்டுக்குள்ளயும் ஒண்ணு காட்டுது பாரு, மிக அருகில்னு!"

அவள் மீட்டரை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்து, என் நெஞ்சில் கையை வைத்தாள்.

"மீட்டர் கெடலங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர் முழுவதும் தேடியிருக்கிறேன். ஊரில் யார் யாருக்கு என்ன கருவி என்று எண்ணிப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். வலியில்லாமல், சத்தமில்லாமல் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் பேஸ்மேக்கர் என் நினைவுக்கே வரவில்லை.

"அம்புட்டுச் சின்னதுக்கு டவர் முழிச்சிருக்காதுன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக.

"அப்போ நேத்தே ஒனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"நேத்தா? நாலு வருஷமா எனக்கு அது மட்டுந்தான் ஞாபகம். வீட்டுல வாய்க்கு வந்தபடி திட்டுவேன். டவர எடுக்கச் சொல்லி ரேடியோக்காரங்க எத்தன மனு போட்டாவ, ஒண்ணுலயாவது நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா?" அவள் மீட்டரை என் கையில் திணித்தாள். "விடுங்க. இந்த இரைச்சலோடயே கேக்குதேன். கேட்டாக் கேக்கட்டும்."

"கேக்காதுட்டி. நேத்து கேக்கலல்லா?"

"கேக்கலன்னா கேக்காம போகட்டும்!"

நான் ஆக்னஸ் அக்காவைப் பார்த்தேன். அவளுடைய புருஷன்தான் கடலில் இருக்கிறார். அவள் எழுந்து நின்றாள். "வேண்டாம் தம்பி. ஒரு உசுரக் குடுத்து ஒரு உசுர வாங்க நான் வரல. வீட்டுக்குப் போங்க ரெண்டு பேரும்" என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவளுக்குப் பின்னால் லாரி நின்றது.

"அக்கா, ஒங்க ஐஸ் பெட்டிக்கு உள்ள என்ன தகடு?"

"எவர்சில்வர்தான். ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரே அண்டாவுக்குள்ள போயிருக்கு. நான் மட்டும் எதுக்கு வெளிய நிக்கணும்?"

பிலோமி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புட்டு நேரம் தாங்கும்?"

"டாக்டர் அரை மணி நேரம் சொல்லியிருக்காரு."

டாக்டர் சொன்னது அதில் பாதி. சூரியன் பனைக்குக் கீழே போயிருந்தது. பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, டவுனுக்கு ஓடவும் நேரமில்லை. அவள் கையை விடுவித்துக்கொண்டு லாரிக்குள் ஏறினேன். ஆக்னஸ் அக்கா கதவைச் சாத்திக் கொண்டியை இறுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்த இருட்டு சாதாரண இருட்டு இல்லை. குளிர், மீன் வாடை, செருப்புக்குள் ஏறும் ஐஸ் தண்ணீர். காலி மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். வெளியே டவர் தூங்கியிருக்குமா? அவளுக்குக் கேட்கிறதா? லூர்து தட்டுகிறானா, செல் தீர்ந்துவிட்டதா? எதற்காக ஊர் முழுவதும் ஓடினேனோ அது ஒரு தகடு தாண்டி நடந்துகொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. எரிச்சலாக இருந்தது. பயமாக இருந்தது. அதையெல்லாம்விட அப்படி ஒரு பரபரப்பு. எழுந்து நின்று பெட்டிச் சுவரில் காதை வைத்தேன். என் இதயம்தான் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அதுவும் ஒழுங்காகக் கேட்கவில்லை. ஒன்று அடிக்கும், அடுத்ததை யோசிக்கும். கூடையில் உட்காரப் பார்த்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டாக்டர் கெட்டிக்காரர், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கதவைத் தட்டினால் திறப்பார்கள். திறந்தால் டவர் முழித்துக்கொள்ளும். கடைசி எழுத்து வரும் நேரத்தில் நான் தட்டிவிட்டால்? கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்போது வெளியே இறுகிப்போன கொண்டியோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது, கூடவே யாரோ தகட்டில் தட்டினார்கள். விரல் முட்டியால் தட்டிப் புள்ளி, நகத்தால் இழுத்துக் கோடு. பிலோமி. அவசரத்தில் என்னிடம் மோர்ஸில் கேட்கிறாள்! எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது என்பதை மறந்துவிட்டாள். ஆனால் என்ன கேட்பாள்? எப்படி இருக்கிறாய் என்றுதான் கேட்பாள். அதற்கு அந்த மொழியில் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்று. இருந்த தெம்பையெல்லாம் திரட்டிக் கையைத் தூக்கி, தகட்டில் அதே மாதிரி தட்டினேன்.

ஐந்து புள்ளி. கோடு, புள்ளி. கோடு, புள்ளி.

கொண்டி படார் என்று விழுந்தது. கதவு திறந்து அந்தி வெளிச்சம் மூஞ்சியில் அடித்தது. பிலோமி உள்ளே பாய்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"அஞ்சு ஒம்போது ஒம்போதா? எறும்பு ஊருற சத்தம் மாதிரி கேக்குது, அஞ்சு ஒம்போது ஒம்போதாம்! எங்கிட்டயே அந்தப் பொய்யச் சொல்லுதீயளா?"

"கெடைச்சுதாட்டி?"

"கெடைச்சுட்டு. முழுசா, ரெண்டு தடவ. மாலேக்கு அனுப்பியாச்சு, அங்கேருந்து கப்பல் கெளம்புது. பேசாதீய, மூச்ச விடுங்க."

வாசலில் ஆக்னஸ் அக்கா மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானத்துக்குள் ஐந்து பேரையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். தேடிய இடத்துக்கு வெகு தெற்கே கிடந்திருக்கிறார்கள். கரை வந்து இறங்கிய லூர்து, மாலையெல்லாம் போட்ட பிறகு பிலோமியிடம் வந்து, "அவ்வளவு கம்மி பவருலயும் நெசமாவே அஞ்சு ஒம்போது ஒம்போதா அக்கா?" என்று பெருமையாகக் கேட்டான். அவனை அவள் அடிக்கத் துரத்தியதை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து அவள் யாருக்கும் உள்ளதைத்தான் அனுப்புகிறாள். உலகம் முழுவதும் சில ரேடியோக்காரர்கள் அவள்மேல் கோபமாக இருக்கிறார்கள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று அந்த லாரிக்குள் நான் அவள் மடியில் கிடந்தபோது தேரி முழுவதும் ஒரே அமைதி. கொட்டகை ஸ்பீக்கரில்கூட ஒரு சின்ன உஸ் சத்தம்தான். அத்தனை வருஷமாக அவள் கேட்க ஏங்கிய அமைதி. அவளோ அதைக் கேட்கவில்லை. என் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, "வா, வா, எடுத்துக்கோ" என்று யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் லேசாகக் கரகரத்தது. பிறகு பழைய இரைச்சல் மெல்ல ஏறி ஏறிக் கொட்டகையை நிறைத்தது. டவர் முழித்துக்கொண்டது. என் நெஞ்சுக்குள் இருப்பது கரண்ட் கேட்டிருக்கிறது, டவர் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பிலோமி தலையைத் தூக்கி அந்த இரைச்சலைக் கேட்டாள். கண்ணீர் வழிய, வாய் நிறையச் சிரித்தாள்.

"இப்போ கேக்குதுங்க. இதுதான் அஞ்சு ஒம்போது ஒம்போது" என்றாள்.